கோணக்கரட்டுச் சைக்கிள் பாதைச் சங்கம்

கோணக்கரடு என்கிற கல்குன்றின் மேல் ஏறி இறங்கினால் கல்லாங்காட்டூரிலிருந்து இளம்பிள்ளை மூன்று மைல். கரட்டைச் சுற்றித் தார்ரோட்டில் போனால் பதினோரு மைல். தறிக்குக் கூலி வேலைக்குப் போகிறவன் எந்த வழியாகப் போவான் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுபத்தைந்து வாக்கில் ஊரில் முப்பது சைக்கிள் இருந்தது என்றால், முப்பதும் கரட்டின் மேல்தான் போயிற்று. ஏறும்போது தள்ளிக்கொண்டு போவார்கள். இறங்கும்போது பெடலில் காலை வைத்துவிட்டுக் குலசாமியைக் கும்பிட வேண்டியதுதான். பிரேக் கட்டை தேய்ந்துபோனவன் கேரியரில் ஒரு வேலாமரத்துக் கிளையைக் கட்டித் தரையோடு இழுத்துக்கொண்டு இறங்குவான். கிளை இழுக்கிற இழுப்பில் சைக்கிள் அடங்கி வரும். பின்னால் வருகிறவன் புழுதி தின்பான்.

சென்னியப்பன் என்கிற தறிக்காரன் ஒருநாள் பாவு நூல் சுமையோடு அப்படி இறங்கும்போது உருண்டைக் கல்லில் ஏறி விழுந்து தோள்பட்டையை முறித்துக்கொண்டான். கட்டிலில் போட்டுத் தூக்கி வந்தார்கள். மறுநாள் விடிந்ததும் காளியப்பன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கரட்டில் ஏறி, அந்தக் கல்லைப் புரட்டிப் பள்ளத்தில் தள்ளினார். போன மனிதர் ஒரு கல்லோடு திரும்பியிருக்கலாம். அதற்குப் பக்கத்துக் கல்லையும் தள்ளினார். அப்படித்தான் தடம் பிறந்தது.

காளியப்பன் கல் உடைக்கிறவர். கிணற்று வேலைக்கும் கல்கட்டு வேலைக்கும் மல்லசமுத்திரம் வரைக்கும் போய் வந்தவர். ஐம்பத்தைந்து வயது. அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. "ஏறத் தெரியாத ஆளு எதுக்கய்யா ஊரான் சைக்கிளுக்குப் பாதை வெட்டறே?" என்று அவர் பெண்டாட்டி ஆராயி கேட்பாள். "சுடுகாட்டுக்குந்தான் வழி இருக்குது. போட்டவன் அதுல போறதுக்காகவா போட்டான்?" என்பார் அவர்.

அமாவாசை அன்று அந்தப் பக்கம் ஏர் பூட்ட மாட்டார்கள். தறியும் ஓடாது. ஆகையால் அமாவாசைக்கு அமாவாசை இருபது முப்பது பேர் கரட்டுக்கு வந்தார்கள். கூலி கிடையாது. கம்மங்கூழும் வெங்காயமும் உண்டு. சூரமங்கலத்தில் தண்டவாளம் செப்பனிடுகிற ரயில்வே கேங் வேலை பார்க்கிற வேலுமணி லீவு போட்டுவிட்டு வருவான். அவன்தான் விஷயம் தெரிந்தவன். "அண்ணா, பாதைக்கு எதிரி சைக்கிள் இல்லீங்க, தண்ணி. தண்ணிக்கு மொதல்ல வழி உட்டுட்டா அது நம்ம வழிக்கு வராது" என்பான். இருபது அடிக்கு ஒரு பலகைக்கல்லைக் குறுக்கே சாய்வாகப் பதிக்கச் சொன்னான். மழைத்தண்ணீர் கல்லில் முட்டி ஓரமாக இறங்கிப் போயிற்று. இரண்டு ஐப்பசி மழை அடித்தும் தடம் அரிக்கவில்லை. பிரேக் கட்டை தேய்ந்தவன்கூட கிளை இல்லாமல் இறங்கினான்.

பாதி மேட்டில் யானைக்கல் என்று இரண்டு பாறைகள் எதிரும் புதிருமாக நின்றன. நடுவில் ஒரு சைக்கிள் ஹேண்டில்பார் நுழைகிற சந்து. அதில் எல்லோரும் இறங்கித் தள்ளித்தான் போக வேண்டும். பொடியன்கள் உடைக்கச் சொன்னார்கள். காளியப்பன் உடைக்கவில்லை. "இருக்கட்டும்டா. மாட்டுவண்டி ஏறாது. வண்டி ஏறுனா தடம் ரெண்டே மாசம்."

இளம்பிள்ளைப் பக்க அடிவாரத்தில் மயில்சாமி என்ற பண்ணையக்காரர் தோட்டம் இருந்தது. தடத்தின் கடைசி அறுபது அடி அவருடைய தோட்டத்துக்கு ஓரமான புறம்போக்கில் போனது. அவர் அதைத் தன்னுடையது என்றார். இரண்டு தரம் முள் வெட்டிப் போட்டு அடைத்தார். போய்க் கேட்டதற்கு, "தறிக்குப் போறவனுக்கு வழி உடறேன்னு நான் எந்தச் சாமிக்கும் நேந்துக்கல" என்றார்.

அப்போதுதான் வேலுமணி சங்கம் என்ற பேச்சை எடுத்தான். ஆளாளுக்கு மனு கொடுத்தால் குப்பையில் போடுவார்கள், நம்பர் போட்ட சங்கம் கொடுத்தால் பைலில் போடுவார்கள், பொதுப்பாதை என்று கணக்கில் ஏறிவிட்டால் மயில்சாமி இல்லை, அவர் பாட்டன் வந்தாலும் அடைக்க முடியாது என்றான்.

"காயிதத்துல ஏறுன எதுவும் நம்ம ஊடு வந்து சேர்ந்ததில்ல" என்றார் காளியப்பன்.

"அண்ணா, முள்ளை எத்தனை தரம் எடுத்துப் போடுவீங்க?"

எழுபத்தொன்பதில் கோணக்கரட்டுச் சைக்கிள் பாதைச் சங்கம் பதிவானது. ரப்பர் ஸ்டாம்பு வந்தது. சைக்கிள் ஓட்டத் தெரியாத காளியப்பனைத் தலைவராகப் போட்டார்கள். வேலுமணி செயலாளர். மனு போயிற்று. நாலு மாதம் கழித்துப் பதில் வந்ததுதான் அதிசயம். பெரிய அதிகாரி நேரிலே வந்து பாதையைப் பார்வையிடுவார், இன்ன தேதி என்றிருந்தது.

ஊரே சந்தோஷப்பட்டது. காளியப்பன் மட்டும் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. ராத்திரி அல்ல, பட்டப்பகலில், எல்லோரும் கூடியிருக்கிற இடத்தில் அவரே வாயைத் திறந்து கேட்டார்.

"அந்த ஐயா எப்படி மேல வருவாரு?"

"நடந்துதான்" என்றான் வேலுமணி.

"நம்ம கேட்டு நம்ம ஊருக்கு வர்ற மனுசனை, மேட்டுல நடக்க உடறதா?"

"பாதைன்னா நடந்து பாத்தாத்தானுங்க தெரியும்."

"பைத்தியக்காரப் பேச்சு பேசாத. பேண்டு போட்ட மனுசன் வேத்து விறுவிறுத்து மேல வந்தா, எந்த மூஞ்சியோட கையெழுத்துப் போடுவாரு? ஜீப்பு மேல போகோணும்."

யாரையும் நம்பாத மனிதர். ஆனால் வீடு தேடி வருகிறவனை நிற்கவைத்துப் பழக்கமில்லாதவர். வேறு ஊர்க்காரனாக இருந்தால் அதிகாரி நடந்தால் நடக்கட்டும் என்று விட்டிருப்பான். ஒன்பது நாள் இருந்தது. ஊரார் தடத்தை இரண்டு பக்கமும் அகலப்படுத்தினார்கள். காளியப்பன் யானைக்கல்லுக்குப் போனார். விறகு அடுக்கி நெருப்பு வைத்துப் பாறைக்குச் சூடு காட்டினார். மேல்தோல் கழன்றது. வரிசையாகக் குழி போட்டு இரும்பு ஆப்பு இறக்கிச் சம்மட்டியால் தட்டிக்கொண்டே வந்தார். எட்டாம் நாள் பாறை 'டக்' என்று ஒரு சத்தம் போட்டு மேலிருந்து கீழ்வரை கோடு விட்டது. கத்தி வைத்து அறுத்த வெல்லக்கட்டி மாதிரி நேரான முகம். ஆராயி கூழ் கொண்டுவந்தவள் பார்த்துவிட்டு, "இதை ஒடைக்க மாட்டேன் ஒடைக்க மாட்டேன்னு எத்தனை பேரை வஞ்சே" என்றாள். அவர் கேட்காதது போல ஆப்புகளைப் பொறுக்கினார்.

ஜீப் வந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும், அதிகாரி நல்ல மனிதர். குறுக்குக் கற்களைக் குனிந்து பார்த்தார். "எஞ்சினியர் போட்டாக்கூட இப்படி வராது" என்றார். வேலுமணிக்குக் கண் கலங்கிவிட்டது. ஜீப்பில் கூட ஒருவர் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் சின்னச் சுத்தியல். சிநேகிதர் என்றார் அதிகாரி, சும்மா கரடு பார்க்க வந்தவர் என்றார். எல்லோரும் எலுமிச்சம்பழம், சோடா என்று ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த ஆள் யானைக்கல்லின் பிளந்த முகத்தில் சோடாவை ஊற்றி, ஈரத்தில் கல்லின் நிறத்தைப் பார்த்தார்.

"இதுக்கு வெடி வெச்சீங்களா?"

"இல்லீங்க சாமி. ஆப்புத்தானுங்க" என்றார் காளியப்பன்.

"எல்லாக் கல்லும் இப்படி நேரா வருமா?"

அதுவரைக்கும் யாரும் அவர் வேலையைப் பற்றி அவரிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. "இந்தக் கரட்டுக்கல்லு சொன்ன பேச்சு கேக்குமுங்க" என்று சொல்லி, சின்னதாக ஒரு துண்டை நிறுத்தி, மூன்று ஆப்பு வைத்து, அந்த ஆள் கண்ணெதிரே இரண்டாகப் பிளந்து காட்டினார். அந்த ஆள் ஒரு சில்லைக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டார்.

எண்பதில், மாசி மாதம் உத்தரவு வந்தது. கோணக்கரட்டுத் தடம் பொதுப்பாதை. மயில்சாமி முள்ளை எடுத்துக்கொண்டார். சங்கத்துக்காரர்கள் கிடாய் வெட்டினார்கள். வேலுமணி உத்தரவைப் படிக்கப் படிக்கக் காளியப்பன் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார். காகிதமும் சில சமயம் வீடு வந்து சேரும்போல என்று அன்று ஒருநாள் நினைத்தார். அந்த ஒருநாள்தான்.

மறு ஆடியில் லாரி வந்தது. கரட்டைக் கல் எடுக்க ஒரு காண்டிராக்டருக்குக் குத்தகை விட்டாயிற்று என்றார்கள். புதிதாக ரோடு போட வேண்டியிருந்தால் அவன் வந்திருக்க மாட்டான். ஜீப் ஏறின பாதையில் லாரி ஏறுகிறது, அவ்வளவுதான். பத்து நாளில் குறுக்குக் கற்கள் பெயர்ந்துவிட்டன. தடம் முழுக்க உருண்டைக் கல்லாயிற்று.

சங்கத்தார் கரட்டு உச்சியில் காண்டிராக்டர் போட்டிருந்த கொட்டகைக்குப் போனார்கள். மேனேஜர் மரியாதையான ஆள். பெஞ்சில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்.

"இது சைக்கிளுக்குப் போட்ட பாதைங்க" என்றான் வேலுமணி.

"பொதுப்பாதைன்னு நீங்கதானுங்க வாங்கியிருக்கீங்க. லாரியும் பொதுவுலதானுங்க சேருது."

"சரிங்க. வெடி வெக்கற நேரத்தையாச்சும் மாத்துங்க. காலைல ஏழுலிருந்து எட்டரை, சாயங்காலம் அஞ்சுலிருந்து ஆறரை வெக்கறீங்க. அதுதானுங்க எங்க ஆளுக தறிக்குப் போயி வர்ற நேரம்."

"எங்க கூலியாளுக மேல இல்லாத நேரமாப் பாத்துத்தானுங்க வெக்க முடியும். பாக்கலாம், மேல சொல்லிப் பாக்கறேன்."

பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். அது காளியப்பனுக்குத் தெரியும். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

மனு மேல் மனு போயிற்று. பழைய அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர் பைலைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "பாதை கேட்டீங்க, கொடுத்தாச்சு. கரட்டையும் கேட்டிருந்தீங்களா?" கேட்கவில்லை. கரட்டை யாராவது கேட்பார்களா? அது பாட்டன் காலத்திலிருந்து அங்கேயேதான் இருக்கிறது.

வேலுமணி பஸ்ஸில் திரும்பி வந்தான். ஊர் வந்து இறங்கினபிறகு சொன்னான், "அந்த யானைக்கல்லு இருந்திருந்தா..." என்று. பாதியில் நிறுத்திக்கொண்டான். முழுதாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஆட்கள் விடியுமுன்னே கிளம்பிப் பார்த்தார்கள். இருட்டில் உருண்டைக் கல்லில் இரண்டு பேர் விழுந்தார்கள். வெடி நேரத்தில் யாருக்கும் தெரியாமல் நுழைந்தும் பார்த்தார்கள். காவலுக்கு நின்றவன் வடக்கத்தி ஆள், அவன் ஊதுகிற விசிலை ஒருவரும் மதிக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை சென்னியப்பன் முன்னால் போய்க்கொண்டிருந்தான். தேங்காய் அளவு கல் ஒன்று வானத்திலிருந்து வந்து அவனுடைய முன்சக்கரத்தில் விழுந்தது. ரிம் எட்டுப்போல மடங்கியது. ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் மண்டை. அவன் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நேரே காளியப்பன் வாசலுக்கு வந்து போட்டான். போட்டுவிட்டுப் போனான்.

அன்று மத்தியானம் மேனேஜர் ஸ்கூட்டரில் வந்தார்.

"பெரியவரே, உங்க ஆளுக எங்க ஆளு சொன்னாக் கேக்கறதில்ல. நாளைக்கு ஒரு உசுரு போச்சுன்னா உங்களுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். நீங்க செகப்புக் கொடி புடிச்சு நின்னா ஒருத்தரும் தாண்ட மாட்டாங்க. சம்பளம் போட்டுத் தர்றோம்."

"நான் சங்கத்துக்குத் தலைவருங்க."

"அதனாலதானுங்க கேக்கறேன்."

ஆராயி உள்ளிருந்து வந்தாள். "நல்லா இருக்குது நாயம். வழி உட்ட கையிலயே கொடியக் குடுக்கறீங்க" என்றாள். மேனேஜர் சிரித்தார். அவளை மதிக்காத சிரிப்பு இல்லை அது, வேறென்ன செய்யட்டும் என்கிற சிரிப்பு.

ஸ்கூட்டர் போனபிறகு அவள் கேட்டாள், "என்ன ரோசனை?"

"போகலைன்னா ஒருத்தன் சாவான்."

"போனா?"

"போனா எவனும் தடத்துல போக மாட்டான்."

ஆராயி வாசலில் கிடந்த சைக்கிளை எடுத்து ஓரமாகச் சாய்த்து வைத்தாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் காளியப்பன் பாதி மேட்டில் கொடியோடு நின்றார். சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. ஒருவன் தாண்டவில்லை. அவர் முகத்தையும் பார்க்கவில்லை. லீவில் வந்திருந்த வேலுமணியும் அந்த வரிசையில் நின்றான்.

"எத்தனை நேரமுங்கண்ணா?"

"எட்டரை ஆகும்."

"எட்டுக்குத் தறியில இருக்கோணும் இவங்க. நேரங் கழிச்சுப் போனா அரைநாள் கூலி போச்சு."

"தெரியுமப்பா."

"கொஞ்சம் உடுங்களேன். ஒரே ஓட்டமா இறங்கிருவாங்க."

காளியப்பன் கொடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "மேல திரி பத்த வெச்சுட்டாங்க வேலுமணி. நான் எப்படி உடறது?"

வேலுமணி சைக்கிளைத் திருப்பினான். பதினோரு மைல் தார்ரோட்டில் போகலாம் என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னான். அவனுக்குப் பின்னால் ஒருவன் திருப்பினான். அப்புறம் இருவர். இறக்கத்தில் பெடலை மிதிக்க வேண்டியிருக்கவில்லை. மணிகூட அடிக்காமல் போனார்கள்.

மேலே வெடித்தது. காலுக்குக் கீழே கரடு ஒரு தரம் அசைந்து அடங்கியது. எட்டரைக்கு வெடி முடிந்த விசில் கேட்டதும் காளியப்பன் கொடியை இறக்கினார். பின்னால் திரும்பிப் பார்த்தார். விடுவதற்கு ஒரு சைக்கிளும் இல்லை. கீழேயிருந்து காலி லாரி ஒன்று முனகிக்கொண்டு ஏறி வந்தது. டிரைவர் ஹாரன் அடித்தான். அவர் ஓரமாக ஒதுங்கி நின்றார்.