சாரம் பிரித்த காலை

ரோமை விட்டுப் பாப்பரசர் வந்து தங்கியிருந்த அவிஞோன் நகரக் குன்றின்மேல், அவருடைய அரண்மனைக்குப் பெரிய தேவாலயம் எழும்பிக்கொண்டிருந்த வருஷம் அது. கூரை முழுக்கக் கல் வளைவு. கட்டியவர் போன்ஸ் மேஸ்திரி. ஐம்பது வயது, தனிக்கட்டை. முந்தைய குளிர்காலத்தில் வேறொரு கூடத்தில் ஒரு வளைவு சரிந்து இரண்டு பேருக்குக் கால் ஒடிந்திருந்தது. அதுமுதல் கொத்தனார்கள் எந்தக் கூரைக்கு அடியிலும் அண்ணாந்து பார்த்தபடியே நடந்தார்கள்.

வளைவைத் தாங்கி நின்ற மரச்சாரத்தை இறக்கும் நாள் வந்தது. சாரம் இறங்கினால் கற்கள் தாமாகவே நிற்க வேண்டும். கட்டியவர் அதன் அடியில் நிற்பது அங்கே வழக்கம். போன்ஸ் சிலுவை போட்டுக்கொண்டு போய் நின்றார். மற்றவர்கள் வாசலிலேயே ஒதுங்கிவிட்டார்கள்.

அவர்களை விலக்கிக்கொண்டு அலசாய்ஸ் ரொட்டிக்கூடையோடு நேரே உள்ளே நடந்தாள். குன்றடியில் ரொட்டி சுட்டு விற்கும் விதவை அவள். போன்ஸ் இரண்டு முறை அவளைப் பெண் கேட்டிருந்தார். இரண்டு முறையும் "பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டாள்.

"இங்க எதுக்கு வந்தே? வெளிய போ."

"ஏன், விழுந்துடுமா?"

"விழாது."

"அப்புறம் என்னய்யா? நானும் நிக்கிறேன்."

"உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"உன் வாய் மேலதான் எனக்குச் சந்தேகம். கை மேல இல்ல."

வாசலில் சிரிப்பு எழுந்தது. தச்சர் இஸ்நார் சுவரோரமாக ஏணியில் நின்று, சாரத்துக்கு அடியில் செருகியிருந்த ஆப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தார். கடைசி ஆப்பு நழுவியதும் மரம் ஒரு சாண் கீழே இறங்கியது. மேலே கற்கள் ஒருமுறை முனகின. அலசாய்ஸ் போன்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவர் தலையிலும் சுண்ணாம்புத் தூள் பொலபொலவென்று கொட்டியது. பிறகு சத்தமே இல்லை. மரத்துக்கும் கல்லுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. வளைவு நின்றது.

கொத்தனார்கள் தொப்பிகளை வீசிக்கொண்டு உள்ளே ஓடிவந்தார்கள். போன்ஸ் அழுதுகொண்டிருந்தார்.

"மூணாவது தடவை கேக்க மாட்டியா, மேஸ்திரி?" என்றாள் அலசாய்ஸ்.

"வாயெல்லாம் சுண்ணாம்பு."

"அப்ப நானே கேக்கிறேன். என்னைக் கட்டிக்கிறியா?"

அவர் தலையாட்டிய வேகத்தில் அவள் முகமெல்லாம் தூள் பறந்தது. "ரொட்டி போட மாவு தயார்" என்றார் இஸ்நார்.

பத்தாம் நாள் கல்யாணம். ஆற்றங்கரையில் விலாங்குமீனும் சிவப்பு ஒயினுமாக விருந்து. வடகாற்று மேஜைத்துணியையெல்லாம் தூக்கிப் போட்டது, யாரும் கண்டுகொள்ளவில்லை. போன்ஸுக்கு ஆடத் தெரியாது. இரண்டு பாட்டு முடிவதற்குள் மணப்பெண்ணின் காலை ஏழெட்டு முறை மிதித்துவிட்டார். மூன்றாம் பாட்டுக்கு அவள் அவரை ஒரு பீப்பாய்மேல் உட்கார வைத்துவிட்டு, இரண்டு பேருக்கும் சேர்த்துத் தானே ஆடினாள்.