சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

கட்டிலில் கிடத்தியிருந்தவரின் காலர் ஒரு பக்கம் மடங்கிக் கிடந்தது. ஊரில் பாதிப் பேருக்குக் காலர் தைத்துக் கொடுத்த மனுஷன், போகிற அன்றைக்கு இப்படியா போவது என்று அவர் மனைவி குனிந்து அதை நீவிவிட்டாள். அப்போதுதான் வாசலில் ஒரு பையன் வந்து நின்றான். தோளில் பெட்டி, கையில் அட்டை. துக்கம் கேட்க வந்த முகமாக இல்லை.

"தண்ணி சாம்பிள் எடுக்கணும்மா. சுகாதார ஆபீஸ்ல இருந்து வரேன். குழாய் எங்க..." கட்டிலைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். "மன்னிச்சிருங்க. நான் அப்புறமா வரேன்."

"இப்பவே எடுங்க," என்றான் மகன், சுவரோரமிருந்து. "தண்ணி வாடை அடிக்குதுன்னு எங்கப்பா மனு குடுத்து நாலு மாசம் ஆச்சு. அவர் போன அன்னிக்காவது வந்தீங்களே."

அரசாங்கத்துக் காரியம் அப்படித்தான். ஆள் இருக்கிறவரை எட்டிப் பார்க்காது. போன பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாக உள்ளே வரும்.

அவள்தான் அவனைச் சமையலறைக்குக் கூட்டிப் போனாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. விடிந்ததிலிருந்து சாவி கேட்டால் சாவி, பாய் கேட்டால் பாய் என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இவன் குழாய் கேட்டான், குழாயைக் காட்டினாள்.

இரண்டு பாட்டிலில் பிடித்து மூடிவிட்டு, அவன் அட்டையைப் பார்த்துக் கேட்டான்.

"குடிக்கிறதுக்கும் இதே தண்ணிதானா?"

"இதேதான்."

"காய்ச்சுவீங்களா?"

"காய்ச்சுவாங்களாவா? நல்லாக் கேட்டீங்க போங்க," என்றாள் பின்னாலேயே வந்து நின்ற நாத்தனார். "எங்க அண்ணி ஒரு பாத்திரம் தண்ணிய அரைப் பாத்திரமா சுண்டக் காய்ச்சித்தான் அண்ணனுக்குக் குடுப்பாங்க. உடம்பு முடியாமப் போன பிறகு இன்னும் அதிகமாக் காய்ச்சினாங்க. உள்ளங்கையில வெச்சுத் தாங்கினாங்க தம்பி. அப்படியும் தங்கலியே." மூக்கைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

பையன் எழுதாமல் நின்றான்.

"உங்களுக்கு நோட்டீஸ் வரலியாம்மா?"

"வந்துச்சே. மஞ்சள் காகிதம். பத்து நிமிஷம் கொதிக்க வெச்சுக் குடிங்கன்னு."

"அது முதல்ல வந்தது. கிருமின்னு நினைச்சுக் குடுத்தாங்க. ரெண்டு வாரம் கழிச்சு இன்னொண்ணு குடுத்தோமே."

அட்டைக்கு அடியிலிருந்து ஒரு தாளை உருவிக் காட்டினான். அதே மஞ்சள், அதே முத்திரை, அதே கொட்டை எழுத்தில் 'பொதுமக்கள் கவனத்துக்கு.' கீழே எறும்பு வரிசையாக இருந்த பொடி எழுத்தை விரல் வைத்துப் படித்தான். ரசாயனக் கழிவு கலந்துள்ளதால் குழாய் நீரைக் கொதிக்க வைத்துப் பருக வேண்டாம். லாரி நீரை மட்டுமே பயன்படுத்தவும்.

"கொதிச்சா கிருமி சாகும்மா. ஆனா இது ஃபாக்டரிக் கழிவு. தண்ணிதான் ஆவியாப் போகும், இது போகாது. சுண்டச் சுண்ட..." அவன் தாளை மடித்தான்.

அந்தக் காகிதம் அவளுக்குத் தெரியும். "பாரு, மறுபடியும் அதையே குடுத்திருக்கான்," என்று அவர்தான் வாங்கி வந்தார். வெட்டு மேசையில் விரித்து, சாக்குக்கட்டியால் கோடு போட்டு, நாலு வெட்டில் காலர் தைக்கிற அளவுக் காகிதமாக்கிவிட்டார். "தண்ணிதான் சரியில்லையே தவிர, காகிதம் நல்ல கெட்டியாத்தான் குடுக்கிறாங்க." அவளும் சிரித்தாள். இங்கிருந்து பார்த்தாலே தெரிந்தது. தையல் மிஷினுக்கு மேலே, ஆணியில் அந்த அளவுக் காகிதம் மஞ்சளாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"அப்போ, அதனாலதானா தம்பி?"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. அவருக்கு என்ன இருந்துச்சு?"

"கிட்னி போயிடுச்சுன்னாங்க. சர்க்கரையும் இருந்துச்சு."

"சர்க்கரையாலயும் போகும். ரிசல்ட் வர மூணு வாரம் ஆகும்." குரலைத் தாழ்த்தினான். "அளவு வரம்புக்குள்ளதான் இருக்குன்னு நேத்து ஆபீஸ்ல சொன்னாங்க. இன்னிக்கு மறுபடி எடுத்துட்டு வாங்கன்றாங்க. எனக்கே தலையும் புரியல, வாலும் புரியல."

கூடத்தில் மகன் யாரிடமோ அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தான். போன மாதம் அப்பாவைத் தன்னோடு கூட்டிப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றவன் அவன். அங்கே தண்ணீர் நன்றாக இருக்கும் என்றான். "என் கையால காய்ச்சிக் குடுக்கிறத விடவாடா?" என்று அவள்தான் வாயை அடைத்து அனுப்பினாள். அந்தக் கையை இப்போது எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"காய்ச்சறதில்லன்னு போட்டுடட்டுமாம்மா?" என்றான் பையன், பேனாவைப் பார்த்தபடி.

"எதுக்கு? காய்ச்சினேன். உள்ளதை எழுதுங்க."

அவன் எழுதிக்கொண்டு, கட்டிலருகே ஒரு நொடி நின்று கும்பிட்டுவிட்டுப் போனான்.

அடுப்பின் மேல் நேற்று மாலை காய்ச்சிய தண்ணீர் அரைப் பாத்திரம் இருந்தது. மூடியின் மேல் அவருடைய டம்ளர் கவிழ்ந்திருந்தது.

"அண்ணி, அழுது அழுது தொண்டை காஞ்சுபோச்சு," என்று நாத்தனார் திரும்பி வந்தாள். "அண்ணனுக்குக் காய்ச்சினது இருந்தா ஒரு வாய் குடுங்க."

அவள் அடுப்பை மறைத்தாற்போல் நின்றுகொண்டாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். பின்னால் நீட்டிய கை பாத்திரத்தில் பட்டது. சில்லென்று இருந்தது.

"இன்னும் ஆறல," என்றாள். "கொதிக்குது."

"பரவால்ல அண்ணி, ஆறட்டும்." நாத்தனார் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.

அவள் பாத்திரத்திலிருந்து கையை எடுக்கவில்லை.