ஒரு இடம் காலி

ஹிலரி நாற்காலிகளைத் தூக்கிப் பின்சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்பாவை வழியனுப்பப் பத்துப் பேர் வந்தாலே அதிசயம். காலி நாற்காலிகள் பல்லிளிக்குமே என்று பயந்துதான் தகனக்கூடத்திலேயே சின்ன அறையாகக் கேட்டு வாங்கியிருந்தாள்.

அப்பா டெஸ்மண்டுக்குப் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் அறையில் வேலை. பலபேர் ஒரே நேரத்தில் தொலைபேசி வழியாக நுழைந்து, வெறும் எழுத்திலேயே குகை குகையாக அலைந்து புதையல் தேடும் விளையாட்டு ஒன்றை எழுதியிருந்தார். ஆனால் ஆடப் போன வேகத்தில் எழுந்து வந்துவிடுவார். "உள்ள கூட்டம்மா" என்பார். தான் கட்டின வீட்டில் தனக்கே இடமில்லாத மனுஷன் என்று அவளுக்கு எரிச்சலாக வரும்.

வாசலில் குடைகள் மோதிக்கொண்டன. முதலில் நுழைந்தவர் வழுக்கைத்தலை வங்கி மேனேஜர்.

"அந்த விளையாட்டுல நான்தாம்மா பச்சை ராட்சசி. உங்கப்பாவப் பலதடவ கொன்னிருக்கேன்."

"ஓ, அது நீங்கதானா?" பின்னாலேயே வந்த பள்ளிக்கூட டீச்சர் மடக்கினாள். "என் கோடாலிய எப்ப தர்றதா உத்தேசம்?"

ஹிலரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுக்கின நாற்காலிகளை ஓடி ஓடி மறுபடி போட்டாள். அதுவும் போதவில்லை. காவலாளி வாசலில் கையை நீட்டி மறித்தார். "இதுக்கு மேல ஒரு ஆள்கூட ஏத்தக்கூடாதுங்க. தீ விபத்துச் சட்டம்."

வெளியே மழையில் வரிசை நின்றது. யாரும் முணுமுணுக்கவில்லை. முன்வரிசைக்காரர் ஒருவர் எழுந்து, அப்பாவின் சவப்பெட்டியைத் தட்டிக்கொடுத்துவிட்டு வெளியே நடந்தார். டீச்சர் வாசலைப் பார்த்து, "ஒரு இடம் காலி!" என்றாள். ஒருவர் உள்ளே வந்தார். பிறகு இன்னொருவர் எழுந்தார்.

"என்னங்க இது?" என்றாள் ஹிலரி.

"இருக்கறது ஒரே மெஷின்மா," என்றார் ராட்சசி. "கூட்டம் ஏறிட்டா, 'வடக்கே போ'ன்னு அடிச்சுட்டு பதில் வர்றதுக்குள்ள டீ ஆறிடும். அப்புறம் புதுசா யாரையும் உள்ள விடாது. பழைய ஆள் யாராவது எந்திரிச்சாதான் உண்டு. மொத ஆளா எந்திரிக்கிறது எப்பவும் உங்கப்பாதான். 'நீங்க ஆடுங்கப்பா, நான் நாளைக்குப் பாத்துக்கறேன்'பாரு."

இத்தனை வருஷம் இதற்காகவா அவர்மேல் எரிச்சல்பட்டோம் என்று ஹிலரி பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

வழியனுப்பும் பாட்டு முடிந்தது. தகனத்துக்குப் போகும் பெட்டியைச் சுற்றித் திரை மெல்ல மூடியது. நாற்காலியிலிருந்து யாரும் எழவில்லை.

டீச்சர் மூடிய திரையைப் பார்த்தபடி மூக்கைச் சிந்திக்கொண்டாள். "ஒரு இடம் காலி," என்றாள், குரல் கம்ம.

காவலாளி கையை இறக்கினார். சொட்டச் சொட்ட நனைந்த ஒரு கிழவர் உள்ளே வந்து சுற்றுமுற்றும் பார்த்தார். ஹிலரி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.