வலது கைக்கு மட்டும் இடம்

அந்தப் பல்கலைக்கழகத்தில் முழுப் பிள்ளைகள் சேருவது குறைந்துபோனதால், அந்த வருடத்திலிருந்து உறுப்புகளைச் சேர்த்துக்கொண்டார்கள். தலைக்கு ஒரு கட்டணம், காதுக்கு ஒரு கட்டணம். முழு ஆளுக்குக் கட்ட முடியாத பெற்றோர் தங்கள் சக்திக்குத் தகுந்ததை அங்கே விட்டுவிட்டு, மிச்சத்தை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். திருச்செங்கோட்டில் இட்லி மாவுக் கடை வைத்திருந்த வசந்தாமணி, தன் மகள் இந்துஜாவின் வலது கையைக் கணினிப் பொறியியலில் சேர்த்தாள்.

கோடையில் அங்கே உள்ள பேராசிரியர்கள் பாடம் நடத்துவதில்லை. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளைத் தேடி, கொளுத்தும் வெயிலில் வண்டி ஓட்டிக்கொண்டு ஆள் பிடிக்கப் போவார்கள். ஆள் பிடித்தால்தான் சம்பளம். வசந்தாமணியின் கடைக்கு வந்தவர் ஒரு சொம்பு மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எல்லாவற்றையும் விளக்கினார். தலையைச் சேர்ப்பதுதான் உத்தமம் என்றார். தலைக்கு ஆகும் செலவைக் கேட்டதும் வசந்தாமணிக்கு அது முடியாது என்று தெரிந்துவிட்டது. இடது காது மலிவாகத்தான் இருந்தது. ஆனால் அதில் வாங்கியதை வீட்டில் இருக்கும் மறு காது விட்டுவிடும் என்று அவரே நேர்மையாக எச்சரித்தார். பரீட்சை எழுதப்போவது கைதானே என்று கடைசியில் கையை முடிவு செய்தார்கள். உறுப்புச் சேர்க்கைக்கு நகல் போதும் என்பதால், இந்துஜாவின் அசல் சான்றிதழ்கள் மீதி உடம்போடு வீட்டிலேயே இருந்தன.

அரண்மனை மாதிரி கட்டிய நுழைவு வளைவில் அந்த மாதமே புதுப் பலகை வைத்தார்கள். மாணவர் எண்ணிக்கை பல மடங்கு கூடிவிட்டதாம். கூடாமல் என்ன செய்யும், ஒரு விரலும் ஒரு ஆள் கணக்கு. விடுதியில் சாப்பாட்டுக் கட்டணமும் வாங்கினார்கள். கை எங்கே சாப்பிடும் என்று வசந்தாமணி கேட்டபோது, பிசைவது யார் என்று திருப்பிக் கேட்டார்கள். அவள் அதையும் கட்டினாள்.

அந்த வருடம் முழுக்க இந்துஜா இடது கையால் மாவு அள்ளிக் கொடுத்தாள், இடது கையால் தலை வாரினாள். பொங்கலுக்கு எந்த உறுப்புக்கும் விடுமுறை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். தை மாதம் ஒரு நாள் கடைத் தொலைபேசி அடித்தது. எடுத்தால் எதிர்முனையில் பேச்சு இல்லை. வாய்கள் எல்லாம் மேலாண்மைத் துறையில் இருந்தன. மேசையில் நகத்தால் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. யோசிக்கும்போது அப்படித் தட்டுவது இந்துஜாவின் பழக்கம். அது கைதான் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. கொஞ்ச நேரம் தட்டிவிட்டு வைத்துவிட்டது.

ஆனி மாதத்தில் அரசு கலைக் கல்லூரியிலிருந்து கலந்தாய்வுக்குக் கூப்பிட்டார்கள். போன வருடம் கிடைக்காத இடம். கட்டணம் என்று பேருக்குத்தான் ஏதோ உண்டு. ஆனால் பிள்ளை முழு ஆளாக நேரில் வந்து, வலது கையால் கையெழுத்துப் போட வேண்டும். கலந்தாய்வு திங்கட்கிழமை, நடுவில் இருந்தது ஒரு வார இறுதிதான். வசந்தாமணி கடையை மகளிடம் விட்டுவிட்டுப் பேருந்து ஏறினாள்.

சேர்க்கை அலுவலர் குணபாலன் இடுப்புக்கு மேலே மட்டும் மேசையின் பின்னால் உட்கார்ந்திருந்தார். பாதிச் சம்பளம்தான் வருகிறது என்பதால் கீழ்ப்பாதி வேறொரு கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தது. அவர் மரியாதையாகவே பேசினார். இடையில் நிற்கிற உறுப்பு நான்கு வருடக் கட்டணத்தையும் கட்டிவிட்டுத்தான் வெளியே போகலாம், இல்லையென்றால் ஒரு கைக்குப் பதிலாக இரண்டு கைகளைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்றார். சொல்லும்போது அவர் பார்வை வசந்தாமணியின் கைகள் மேல் போனது. அவள் அவற்றை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். கையை ஒரு முறை பார்க்கவாவது வேண்டும் என்றாள். அதற்கு விதியில் தடை இல்லை. ஒரு பியூன் அவரைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ள, அவள் பின்னால் போனாள்.

கூடத்தில் நீள நீளமான மேசைகள், மேசை நிறையத் தொலைபேசிகள். வலது கைகள் வரிசையாக எண்களை அழுத்திக்கொண்டிருந்தன. சம்பளம் வராததால் ஊழியர்கள் வேலையை விட்டுப் போய்விட, அடுத்த வருடத்துக்கு ஆள் பிடிக்கிற வேலை கைகளுக்கு வந்திருந்தது. கரும்பலகை கடையிலிருந்து வாங்கி வந்த அன்று போலவே சுத்தமாக இருந்தது.

வசந்தாமணி “இந்துஜா” என்று கூப்பிட்டாள். எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் உயர்ந்தன. ஆய்வுக் குழு வந்து யார் பெயரைக் கூப்பிட்டாலும் உயர வேண்டும் என்று முதல் பருவம் முழுக்க அதைத்தான் பழக்கியிருந்ததாகக் குணபாலன் சொன்னார். நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள் என்று பாராட்டவும் செய்தார்.

வசந்தாமணிக்கு அப்போது வந்த கோபம் அந்தக் கூடத்துக்குள் அடங்குகிற கோபம் இல்லை.

“படிக்கத்தானுங்க விட்டுட்டுப் போனேன்? ஒரு எழுத்துச் சொல்லிக் குடுத்தீங்களா? என்ற புள்ள வருசம் பூரா ஒத்தக் கையில பொழப்பை ஓட்டுனா. இங்க அவ கையை வெச்சே இன்னொருத்தி புள்ளையப் புடிக்கறீங்க. வளைவுக்கு வர்ணம் அடிக்கக் காசு இருக்குது, வாத்தியாருக்குக் குடுக்க இல்லையா? நீங்கெல்லாம் சோத்தைத்தான திங்கறீங்க?”

அதோடு நிற்கவில்லை. கட்டடத்தையும், கட்டியவரையும், பணத்தை எண்ணியவரையும், தன் கடையில் மோர் குடித்தவரையும் ஒருவர் விடாமல் வாங்கு வாங்கென்று வாங்கினாள். மகள் சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் தின்றதைப் பார்த்துக்கொண்டு வாய் மூடிக் கிடந்த தன்னையும் விடவில்லை. நெஞ்சில் இருந்தது அத்தனையும் அந்தக் கூடத்தில் கொட்டித் தீர்ந்தது. கைகள் உயர்ந்தபடியே இருந்தன. குணபாலன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து போக அவருக்கு வசதியும் இல்லை.

பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பயனில்லை என்று அவளுக்குப் புரிந்தது. கடையில் வாடிக்கையாளருக்குச் சில்லறை கொடுத்தபடியே, திரும்பிக்கூடப் பார்க்காமல் மகளிடம் தினமும் சொல்வதைச் சொன்னாள்.

“கண்ணு, மாவு மசிஞ்சிருச்சு. கிரைண்டரை நிப்பாட்டு.”

மூன்றாவது மேசையில் ஒரு கை இறங்கியது. மேசையை விட்டு இறங்கி, விரல்களால் நடந்து, சுவரைத் தடவித் தடவி மேலே ஏறி, அங்கே இருந்த பெரிய சுவிட்சை அணைத்தது. விளக்கும் மின்விசிறியும் தொலைபேசிகளும் ஒன்றாக நின்றன. வசந்தாமணி கையை எடுத்துத் துடைத்து, கட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தாள். வாசலில் காவலாளியின் கண்கள் மட்டும்தான் பணியில் இருந்தன. அவை பையைப் பார்த்தன, தடுக்க அவற்றால் ஆகவில்லை.

திங்கட்கிழமை இந்துஜா முழு ஆளாகக் கலந்தாய்வுக்குப் போனாள். கணிதத்தில் இடம் கிடைத்தது. கையெழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது, ஆனால் விழுந்தது. அன்று ராத்திரி அவள் சோற்றைப் பிசைந்து பிசைந்து நெடுநேரம் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு வசந்தாமணி மிக அமைதியாக இருந்தாள். நல்ல மாவைப் புளித்துவிட்டது என்று பொய் சொல்லித் திருப்பிக் கொண்டுவந்தவளுக்கு மறுபேச்சு இல்லாமல் வேறு மாவு கொடுத்தாள். கடை வாசலை அடைத்து லாரியை நிறுத்தியவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். உடம்புக்கு என்னவோ என்று இந்துஜா அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு எதுவும் இல்லை.

ஆடி பிறந்ததும் குணபாலன் தொலைபேசியில் வந்தார்.

“அம்மா, அன்னிக்கு உங்க கோபம் கூடத்துலயே நின்னுபோச்சுங்க. சும்மா கெடக்க வேண்டாம்னு சட்டப் படிப்புல முதல் வருசம் சேர்த்துட்டோம். நல்லா வருது. முதல் தவணைதான் இன்னும் வரலைங்க.”

இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று வசந்தாமணிக்கு நன்றாகவே தெரிந்தது. வெட்கமாக இல்லையா என்று கேட்க வேண்டும், போனை அறைந்து வைக்க வேண்டும். வார்த்தைகள் எல்லாம் வரிசையாக வாய் வரைக்கும் வந்தன. அவற்றை வெளியே தள்ளுவதற்கு உள்ளே எதுவும் இல்லை.

“சரிங்க சார். திங்கக்கிழமை கொண்டாந்து கட்டிப்போடறனுங்க” என்றாள்.

பிறகு, அது நேரத்துக்குச் சாப்பிடுகிறதா என்று விசாரித்தாள்.