ஒழுகாத கட்டடம்

உலகமே படம் பிடித்துக் கொண்டாடும் அந்தக் கான்கிரீட் மண்டபம் ஒழுகாது என்று நிர்வாகம் எழுத்திலேயே கொடுத்துவிட்டது. ஒழுகாத கட்டடத்தில் தரை ஈரமாக இருக்காது. ஆகவே அங்கே துப்புரவு வேலை பார்க்கும் அம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டது அவளுடைய கவனக்குறைவுதான். திங்கட்கிழமைக்குள் அப்படியே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடவேண்டும். போடாவிட்டால் வேலை போய்விடும்.

"போட்டுத் தொலைக்கிறேன்டி," என்றாள் அம்மா.

"கையும் உடையணும், பழியும் சுமக்கணுமா? யாருமே பார்க்கலையா?"

"சுத்திக் காட்டுற பொண்ணு பார்த்துச்சு. அதுவும் புள்ளகுட்டிக்காரி. வாயைத் திறக்காது."

மகளுக்கு வீட்டில் வாயாடி என்று பெயர். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். மறுநாள் மழை பிடித்ததும் டிக்கெட் வாங்கி, பதினோரு வருஷம் அங்கே வேலை பார்த்தும் அம்மா ஒருநாளும் நுழையாத முன்வாசல் வழியாக நுழைந்தாள்.

"இங்க ஏசி கிடையாது, காத்து தானா வரும். கூரை மிதக்குற மாதிரி இருக்கு பாருங்க," என்றாள் வழிகாட்டி. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். வாயாடி மட்டும் மூன்றாவது தூணோரம் இருந்த தொட்டிச்செடியைப் பார்த்தாள். மழை நாளில் மட்டும் அங்கே முளைக்கிற செடி என்று அம்மா சொல்லியிருந்தாள். உள்ளே மண் கிடையாது, வாளிதான். இரண்டு கையாலும் அதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் போய் நின்றாள். உச்சந்தலையில் சொட்டென்று விழுந்தது.

"மேடம், அங்க நிக்கக் கூடாது."

"ஏன்க்கா, நனைஞ்சிடுவேனா?"

யாரோ சிரித்தார்கள். மேலாளர் ஓடிவந்தார். "என்னம்மா கலாட்டா? அது ஏசி தண்ணி!"

"இங்க ஏசியே கிடையாது, காத்து தானா வரும்னு இப்பதானே சார் அக்கா பெருமையாச் சொன்னாங்க?"

"முதல்ல வெளிய போ!"

"அஞ்சு மணி வரைக்கும் பார்க்கலாம்னு டிக்கெட்ல போட்டிருக்கு. நான் இதைத்தான் பார்க்க வந்தேன்." கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "எங்கம்மா இங்கதான் வழுக்கி விழுந்து கையை உடைச்சுக்கிட்டாங்க. தரை காய்ஞ்சிருந்ததுன்னு கையெழுத்துப் போடச் சொல்றாங்க. அக்கா, அன்னிக்கு நீங்க இருந்தீங்க. ஈரமா, காய்ஞ்சதா?"

வழிகாட்டியின் முகம் வெளிறியது. அதைப் பார்த்ததும் வாயாடிக்கு ஒரு நொடி நெஞ்சு குறுகுறுத்தது. இவளையும் நடுத்தெருவில் நிறுத்தப்போகிறோமோ? தண்ணீர் கழுத்தில் இறங்கி முதுகில் ஓடியது. ஆனாலும் நகரவில்லை.

"ஈரம்தான்," என்றாள் வழிகாட்டி, மேலாளரைப் பார்த்து. "நான்தான் சார் தூக்கி உட்கார வச்சேன். என் துணியெல்லாம் நனைஞ்சு போச்சு."

வாயாடி பையிலிருந்து வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்து நீட்டினாள். "இதையே எழுதிக் குடுங்கக்கா."

"நல்லா யோசிச்சுக்கோ," என்றார் மேலாளர்.

"யோசிச்சு யோசிச்சுத்தான் சார் பன்னிரண்டு நாளா சும்மா இருந்தேன்," என்றபடி வழிகாட்டி பேனாவை வாங்கினாள்.