‘யார் குரல்’ விளையாட்டு

1

நான் எழுதப் போனது வேறு கதை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வேலம்பாளையத்தில் சித்ரகலா என்றொரு பெண், பனியன் கம்பெனிப் பிள்ளைகளுக்கு நோட்டும் பேனாவும் இல்லாமல், காதை மட்டும் வைத்துப் பாட்டுச் சொல்லித்தருகிறாள் என்று கேள்விப்பட்டேன். சிரிக்கச் சிரிக்க ஒன்று எழுதலாம் என்று கிளம்பினேன். தொடக்கம்கூடத் தயார்:

‘ஓவர்லாக் தையல் மெஷின் எந்தச் சுருதியில் பாடும் என்று உங்களுக்குத் தெரியுமா? வேலம்பாளையத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஒருத்தன் பல்லைக் கடித்துக்கொண்டு’

அந்த வாக்கியம் அங்கேயே நிற்கட்டும். சித்ரகலா சொன்னதைக் கேட்ட பிறகு என்னால் அதை முடிக்க முடியவில்லை.

2

சித்ரகலா சர்ச்சில் பாடி வளர்ந்தவள். வாரநாட்களில் ஒரு கம்பெனியில், தைத்த பனியனில் குறை பார்க்கும் செக்கிங் வேலை. ஞாயிறு மதியம் சர்ச்சை ஒட்டிய கூடத்தில் இருபது பிள்ளைகள் அவளைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். ஸரிகம கிடையாது. ஒரு சத்தத்தைக் கேட்க வேண்டும், திருப்பிப் பாட வேண்டும், அவ்வளவுதான். குக்கர் விசிலைப் பாடுவார்கள். பஸ் ஹாரனுக்கு மேல்சுருதி பிடிப்பார்கள்.

பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது ‘யார் குரல்’. கண்ணை மூடிக்கொண்டு, பாடுவது யார் என்று சொல்ல வேண்டும். ஒரு கட்டத்தில் எல்லாருக்கும் எல்லார் குரலும் அத்துப்படியாகிவிட்டது. புதுக் குரல்களுக்காக சித்ரகலா வேலைக்குப் போகும் பெண்களைப் பாடச் சொல்லிப் போனில் பிடித்து வர ஆரம்பித்தாள். கேட்டுவிட்டுப் பிள்ளைகள் சொல்ல வேண்டும்: வயசானவரா, சின்னவரா, உட்கார்ந்து பாடுகிறாரா, எங்கே மூச்சு வாங்குகிறார்?

அன்று போட்டது காங்கேயத்துத் தேங்காய்க் களத்தில் பன்னிரண்டு நாளுக்கு முன்னால் பிடித்தது. தேங்காய்ப் பருப்பு காயப்போடும் பெண்ணொருத்தியின் ராகம். சொல்லே இல்லை, வெறும் ‘ம்’தான்.

எட்டு வயது கிருத்திகா கண்ணைத் திறக்காமல் கையைத் தூக்கினாள்.

“மிஸ், அது எங்கம்மாங்க.”

பக்கத்திலிருந்த பையன் சொன்னான், “உங்கம்மாதான் செத்துப்போச்சே.”

“ஆமா. ஆனா அது எங்கம்மாதான்.”

அழவில்லை. விளையாட்டில் சரியான விடை சொல்லிவிட்ட சிரிப்பு முகத்தில்.

3

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். அம்மா போனபோது பிள்ளைக்கு ஐந்து வயது. மூன்று வருஷம் கழித்து, சொல் இல்லாத ஒரு முனகலை வைத்து அடையாளம் சொல்ல முடியுமா? நம்பும்படி எழுத எனக்கு வரவில்லை.)

சித்ரகலாவுக்கும் நம்பிக்கை வரவில்லை. அடுத்த வாரம் அதே ராகத்தை நான்கு குரலில் பதிந்து வைத்துக்கொண்டு, கிருத்திகாவைத் தனியாகக் கூப்பிட்டுப் போட்டாள். தன் குரலையும் அதில் ஒன்றாகச் சேர்த்திருந்தாள்.

“மூணாவதுங்க மிஸ். அவிங்க முடியறதுக்கு முன்னாடியே மூச்சு வாங்கிருவாங்க.”

மூன்றாவதுதான்.

4

வேல்குமாரைக் கெட்டவனாக்கி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன். ஏனென்று சொல்கிறேன்.

கிருத்திகாவின் அப்பா அவன். அயர்ன் மாஸ்டர். சித்ரகலா அவன் வீட்டுக்குப் போனபோது மகளின் யூனிபாரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் போனில் அந்தப் பாட்டை ஓடவிட்டாள். அயர்ன் பாக்ஸை நிறுத்திவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

“ஏனுங்க, இத எங்க புடிச்சீங்க?”

“உசுரோட இருக்கறவங்களச் செத்துட்டாங்கன்னு சொல்லிப் புள்ளைய வளத்தறீங்களே, நாயமுங்களா?”

அவன் பாதி தேய்த்த யூனிபாரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

“நானாச் சொல்லலைங்க மிஸ். நீங்க அவளையே கேட்டுப் பாருங்க.”

5

காங்கேயம் பஸ்ஸில் உட்கார்ந்து, கேட்க வேண்டியதையெல்லாம் சித்ரகலா மனசுக்குள் அடுக்கிக்கொண்டு போனாள். களத்தில் அன்று பாடிய விஜயகுமாரி வெயிலில் குனிந்து பருப்பைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

“கிருத்திகா உங்க குரலக் கண்டுபுடிச்சுட்டாளுங்க.”

விஜயகுமாரி நிமிரவில்லை. கை மட்டும் நின்றது.

“நாந்தானுங்க அப்புடிச் சொல்லச் சொன்னேன்.”

“என்னங்க சொல்றீங்க?”

“இன்னொருத்தர நம்பிப் போனனுங்க. போற அன்னிக்கு கிருத்திகா அப்பாகிட்ட இது ஒண்ணுதான் கேட்டேன். அம்மா எங்கியோ போயிருக்கறான்னா புள்ளை வாசலயே பாத்துட்டு உக்காந்திருக்கும். செத்துட்டான்னா அழுது முடிச்சுரும்.” மறுபடி பருப்பைப் புரட்டினாள். “நம்பிப் போனவரும் இப்ப இல்லீங்க.”

சித்ரகலாவும் பக்கத்தில் குனிந்து பருப்பைப் புரட்ட ஆரம்பித்தாள்.

“பாடறாளுங்களா?” என்று விஜயகுமாரிதான் கேட்டாள்.

“நல்லாப் பாடறா.”

“அப்ப அழுது முடிச்சுட்டாளுங்க. அப்புடியே இருக்கட்டும்.”

6

முடிவு ஒன்று: அடுத்த ஞாயிறு காங்கேயம் பஸ்ஸிலிருந்து விஜயகுமாரி இறங்கி, கூடத்தின் கதவருகே தயங்கி நின்று, அந்த ராகத்தை மெல்ல

(வேண்டாம். எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. நடக்காத ஒன்றுக்கு.)

முடிவு இரண்டு: சித்ரகலா அந்தப் பதிவை அழித்துவிடுகிறாள். (அழிக்கத்தான் நினைத்தாளாம். ‘நிச்சயமாகவா’ என்று போன் கேட்டதும் விட்டுவிட்டாளாம்.)

நடந்தது இதுதான். வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகும் கிருத்திகா நின்றாள். சித்ரகலா ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தாள்: ‘அது வேற யாரோ கண்ணு, சில பேருக்குக் குரல் ஒண்ணாட்டமே இருக்கும்.’ அதைச் சொல்ல அந்தப் பிள்ளை இடமே கொடுக்கவில்லை.

“மிஸ், பாட்டு முடிஞ்சதும் ‘நல்லாயிருக்குதுங்க’ன்னு ஒருத்தர் சொல்றாங்க. அது நீங்கதானுங்களே?”

(நானும் அந்தப் பதிவைப் பதினோரு தடவை கேட்டேன். ராகம் நின்றதும் நிறுத்திவிடுவேன். அதற்குப் பிறகு ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது.)

“ஆமா கண்ணு.”

“அப்ப நீங்க எங்கம்மாவப் பாத்திருக்கறீங்க.”

சித்ரகலா கடைசிப் பாயைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

“செத்துப்போறதுக்கு முன்னாடியிங்களா மிஸ், பொறவுங்களா?”

7

என்ன பதில் சொன்னாள் என்று சித்ரகலா என்னிடம் சொன்னாள். ஒரே சொல். சொல்லிவிட்டு, “நீங்க கத எழுதறவங்க. நான் என்னங்க சொல்லியிருக்கோணும்?” என்று கேட்டாள். நான் ஆறிப்போன டீயைக் குடித்தேன்.

அந்தச் சொல்லை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், அவள் செய்தது சரி என்றோ தப்பு என்றோ சொல்லிவிட்டு நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். எனக்கு அப்படிப் போக முடியவில்லை.

கூடம் காலியாக இருக்கிறது. பாயெல்லாம் சுருட்டியாகிவிட்டது. எதிரே எட்டு வயதுப் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

சொல்லுங்கள்.