காலமான புகார்

இறந்துபோன தன் கணவர் ஸ்தாமெனின் கண்களை மூடி, தாடை தொங்காமல் ஒரு துண்டால் கட்டிவிட்டு, ஸ்லத்கா அவர் மடியில் கிடந்த போனை எடுத்து ஜன்னலோரம் வைத்தாள். அழைப்பைத் துண்டிக்கவில்லை. போனுக்குள் யாரோ பியானோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். நடுநடுவே தேன் தடவிய ஒரு பெண் குரல், வரிசையில் நீங்கள் மூன்றாவது ஆள் என்றது.

சேதி கேட்டு ஓடிவந்து, வழக்கப்படி சுவர்க் கண்ணாடிக்குத் துணி போட்டுக்கொண்டிருந்த மேல்வீட்டு லிலியானா திரும்பிப் பார்த்தாள்.

"அதை நிறுத்துங்கக்கா. சாவு வீட்டுல பாட்டா?"

"பாட்டு இல்ல. கார்டு கம்பெனி."

"யாரா இருந்தா என்ன, வச்சிடுங்க."

"ஒரு மணி நாப்பது நிமிஷம் காத்திருந்தாரு லிலியானா. பதினேழாவது ஆளா நின்னு மூணாவது வரைக்கும் வந்துட்டாரு. இப்ப வச்சா மறுபடி பதினேழு."

லிலியானா மெழுகுவர்த்தி தேடப் போனாள்.

ஆறு வருடத்துக்கு முன் தவணையில் ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கினார்கள். ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டி முடித்தார்கள். அதன் பிறகு, கடன் கொடுத்த கம்பெனியிலிருந்து கேட்காமலே தபாலில் ஒரு கிரெடிட் கார்டு வந்தது, 'பெருமதிப்பிற்குரிய வாடிக்கையாளரே' என்ற கடிதத்தோடு. ஸ்தாமென் கத்தரிக்கோலால் அதை நாலாக வெட்டிக் குப்பையில் போட்டார். வெட்டுப்பட்டது கார்டு மட்டும்தான். அதற்கான வருடக் கட்டணம் வட்டியோடு எங்கோ வளர்ந்துகொண்டிருந்தது. போன இலையுதிர் காலத்தில் காது மெஷினைத் தவணைக்குக் கேட்கப் போனபோது, கடைக்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு நாகரிகமாகக் குரலைத் தாழ்த்தினார். கடன் கட்டாதவர்கள் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறது, நூற்றெண்பத்தாறு லெவா என்றார். தாழ்த்திய குரல் ஸ்தாமெனுக்குக் கேட்கவில்லை. மூன்று முறை திரும்பச் சொல்லவைத்தார். மூன்றாவது முறை கடை முழுவதும் கேட்டது.

முப்பத்தொரு வருடம் ப்ளெவென் நகரத்து வீடுகளில் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். ஒரு வீட்டிலும் ஓர் எண்ணைக் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. கட்டித் தொலைத்துவிடுங்கள் என்று சொல்லாதவர்கள் இல்லை. "கட்டினா, நான் பாக்கி வச்சது நெசம்னு ஆயிடும்" என்பார். அவர் கேட்டது ஒரே ஒரு கடிதம்: ஸ்தாமென் ருசினோவ் எங்களுக்கு எதுவும் தரவேண்டியதில்லை. ஐந்து மாதமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

பியானோ நின்றது.

"வணக்கம், ராலிட்சா பேசுறேன். திரு. ருசினோவ்தானே?"

"அவரு சம்சாரம்."

"மன்னிக்கணும்மா, கார்டுதாரர்கிட்ட மட்டும்தான் பேச முடியும். அவரோட பாதுகாப்புக்காகத்தான்."

"பக்கத்துலதான் இருக்காரு."

"அப்ப போனை அவர்கிட்ட குடுங்க."

"குடுத்துப் பிரயோஜனம் இல்லம்மா. செத்துட்டாரு. அரை மணி நேரமாச்சு. உங்க வரிசையில நின்னுக்கிட்டிருந்தப்பதான்."

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, ராலிட்சா கம்பெனியின் ஆழ்ந்த அனுதாபத்தை வாசித்தாள்.

"வாடிக்கையாளர் காலமாயிட்டா அவர் குடுத்த புகாரை முடிச்சிடுவோம்மா. அது அவரோட தனிப்பட்ட விஷயம்."

"கடன்?"

"அது வாரிசுக்கு வரும்."

"அப்ப புகாரும் அவரோட செத்துடுச்சு. கடன் மட்டும் சௌக்கியமா இருக்கு."

"விதிமுறை அப்படிம்மா." பிறகு வாசிக்கிற குரலை விட்டுவிட்டு, தாழ்ந்த சொந்தக் குரலில் சொன்னாள்: "உங்க ஊர்க் கிளையில எழுத்து மூலமா தெரிவிங்க. பேரு, தேதி, என்ன சொல்லணுமோ எல்லாம் போட்டு. என்னால இவ்வளவுதான் சொல்ல முடியும்."

இந்த உரையாடலுக்கு ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பெண் தரும்படி இயந்திரம் கேட்டது. ஸ்லத்கா ஒன்றின் மேல் விரலை வைத்தாள். அந்தப் பெண் தலையில்தான் விடியும் என்று தோன்றியது. எதையும் அழுத்தாமல் போனை வைத்தாள்.

டாக்டர் வந்து இறப்புச் சான்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஸ்தாமெனின் அண்ணன் வெல்கோ டை கட்டிக்கொண்டு வந்தார். பண்பாட்டு மன்றத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பதவிதான் ஓய்ந்தது, பேச்சு ஓயவில்லை. தம்பியின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு, சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துச் சரிபார்த்துக்கொண்டார். நாளைய இரங்கலுரை.

லிலியானாவை உடலருகே உட்காரவைத்துவிட்டு இருவரும் ஈமக் காரியக் கடைக்குப் போனார்கள். சவப்பெட்டி முடிந்தது, வண்டி முடிந்தது. சாவு நோட்டீஸுக்குக் கடைக்காரர் ஒரு மாதிரி ஆல்பத்தை நீட்டினார். வெல்கோ மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு கவிதையைத் தேர்ந்தெடுத்து, மேடைக் குரலில் வாசித்தார்.

"'விண்மீன்களின் நடுவே இன்று ஒரு புதிய விண்மீன்.' எப்படி?"

"அவருக்கு உசரமே ஆகாது அத்தான். ஏணியில நாலு படி ஏறினா தலை சுத்தும்."

கடைக்காரர் ஆல்பத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டார். ஸ்லத்கா அவரிடம் சொல்லச் சொல்ல எழுதவைத்தாள்.

"ஸ்தாமென் ருசினோவ், எழுபத்தொண்ணு வயசு, மீட்டர் பாக்குறவர், இன்னிக்குக் காலமானார். எழுதிட்டீங்களா? யாருக்கும் ஒரு காசு கடன் வைக்காமல் போனார். நாளைக்கு ரெண்டு மணிக்கு அடக்கம். அவ்வளவுதான்."

"சாவு நோட்டீஸ்ல கடனைப் பத்தி எவளாவது எழுதுவாளா?" என்றார் வெல்கோ. "ஊர் என்ன நெனைக்கும்?"

"காது மெஷின் கடைக்காரன் சொன்னதை ஊர் கேட்டுச்சில்ல? இதையும் படிக்கட்டும்."

வெல்கோ பர்ஸை எடுத்தார். "நூத்தியெம்பத்தாறு லெவா. இப்பவே போய் நான் கட்டிடுறேன். என் தம்பி நிம்மதியாப் போகட்டும்."

"கட்டினீங்கன்னா நாளைக்கு அடக்கத்துக்கு வராதீங்க அத்தான்."

அவள் குரலை உயர்த்தவில்லை. வெல்கோ பர்ஸையும், அதோடு தவறுதலாகக் கவிதை ஆல்பத்தையும் பைக்குள் வைத்துக்கொள்ளப் பார்த்தார். கடைக்காரர் ஆல்பத்தை மெதுவாகத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

இருபத்தைந்து பிரதி. கறுப்புக் கரை, நடுவில் ஸ்தாமென், சிரிக்கலாமா என்று யோசிக்கிற முகத்தோடு. குடியிருப்பு வாசலில் ஒன்று, விளக்குக் கம்பத்தில் ஒன்று, தண்ணீர் ஆபீஸில் ஒன்று, காது மெஷின் கடைக்கு எதிர்ச்சுவரில் இரண்டு. அந்த ஊரில் ஒட்டிய நோட்டீஸை யாரும் கிழிப்பதில்லை. வெயிலும் மழையும்தான் கிழிக்கும். இரண்டு வருடத்துக்கு முன் போனவர்கள்கூடக் கம்பங்களில் வெளுத்துப்போய் இருப்பார்கள்.

கார்டு கம்பெனியின் கிளை கடைத்தெருவில் இருந்தது. ஆளுயரக் கண்ணாடிக் கதவு. ஸ்லத்கா பையைக் கீழே வைத்து, கண்மட்டத்தில் பார்த்து, நான்கு மூலையிலும் செலோடேப் ஒட்டினாள்.

"அம்மா, இங்க ஒட்டக் கூடாது" என்று காவலாளி வந்தார்.

"எழுத்து மூலமா தெரிவிக்கச் சொன்னாங்க. தெரிவிக்கிறேன்."

அவர் வாசித்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

உள்ளிருந்து மேலாளர் வந்தார். 'வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பொறுப்பாளர்' என்று நெஞ்சில் பித்தளையில் எழுதியிருந்தது.

"அம்மா, உங்க துக்கம் எங்களுக்குப் புரியுது. ஆனா இது நிறுவனத்தோட முகப்பு." காவலாளியிடம் திரும்பினார். "எடுத்துடுங்க."

"செத்தவங்க நோட்டீஸ் சார். நான் தொடமாட்டேன். வேணும்னா நீங்க எடுங்க."

எதிரே பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மேலாளரின் கை ஸ்தாமெனின் தாடைவரை போனது. அங்கே கொஞ்சம் நின்றது. பிறகு திரும்பி வந்து தன் டையைச் சரிசெய்தது.

"முப்பது வேலை நாள்ல கடிதம் வரும். நானே முன்னால நின்னு வாங்கித் தரேன். இதை மட்டும் எடுத்துடுங்கம்மா."

"வரட்டும். அதையும் பக்கத்துலயே ஒட்டுறேன்."

ஸ்லத்கா தெருவைக் கடந்து பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து இப்போதுதான் உட்காருகிறாள். நாளைய படையலுக்குக் கோதுமை வாங்க வேண்டும், அவருடைய பழுப்புக் கோட்டைத் தேய்க்க வேண்டும். ஒரு பஸ் வந்து போனது. அவள் ஏறவில்லை.

எதிரே, கம்பெனிக்குள்ளிருந்து துப்புரவுக்காரி ஒருத்தி வாளியோடு வெளியே வந்தாள். நோட்டீஸை உதடு அசைய ஒரு தடவை வாசித்தாள். கதவை மேலிருந்து கீழே துடைத்தாள். தாளை நெருங்கியபோது துணியை விரல்நுனியில் மடித்துப் பிடித்து, நான்கு ஓரத்தையும் ஈரம் படாமல் சுற்றித் துடைத்தாள். கீழ் மூலையில் டேப் கொஞ்சம் தூக்கியிருந்தது. கட்டைவிரலால் அதை அழுத்திவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.